ஒட்டகம் ஊறுகாய் ஏணி மத்தளம்

1

நேற்றுக் காலை இங்கே அந்தமானில், அபர்டீன் பஜாரில் சிப்பிகாட் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கையில் போன் அதிர்ந்தது. பார்த்தால் மஞ்சள் பட்டையில் ஓர் அறிவிப்பு. நித்யாவின் பாதுகாப்புக் குறியீடு மாறியிருக்கிறதாம், தட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டுமாம். நித்யா என் மகள். புதுப் போன் வாங்கியிருக்கிறாள், அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. அடக்க அடக்க அதிகமாகி, குடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.

பக்கத்தில் கீரைக்கூடையோடு நின்ற பெங்காலி அம்மாள், "க்யா ஹுவா தீதி?" என்றாள். என்னவென்று சொல்வது? என் ஹிந்தியில் அதைச் சொல்ல வழியே இல்லை. இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியும், என் ஹிந்தியில் என் வீட்டுக்காரர் இன்னும் 'வருகிறாள், போகிறாள்' என்றுதான் இருக்கிறார். "குச் நஹி, என் பொண்ணு, சாவி, ஒட்டகம்" என்று ஏதோ உளறினேன். அவள் கூடையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

அவளிடம் சொல்ல முடியாததைக் கோவில்பட்டிப் பக்கத்து மனுஷர்களான உங்களிடம் சொல்கிறேன். நீங்கள்தான் இன்னமும் கல்யாண வீடுகளில் என்னைப் பிடித்துவைத்து, "அந்தமானுக்குப் பாஸ்போர்ட் வேணுமா, அங்க என்ன காசு செல்லும்?" என்று கேட்கிறவர்கள். பாஸ்போர்ட் வேண்டாம். இந்தியாதான். ஆனால் கடலில் மூன்று நாள் தள்ளியிருக்கிற இந்தியா. அந்த மூன்று நாளால் வந்த வினைதான் இது.

2

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தனசேகருக்குத் துறைமுகத்தில், வயர்லெஸ்ஸில் கப்பல்களோடு பேசுகிற வேலை. ஷிஃப்ட் முறை. எங்களுக்கு ஹேடோவில் குவார்ட்டர்ஸ். நான் சிப்பிகாட்டில் விவசாயப் பண்ணையின் நாற்றங்காலில் வேலை பார்க்கிறேன். காலையில் நான் பஸ் ஏறினால், பல நாள் அவர் வீட்டில் இருப்பார்.

வயர்லெஸ்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் கடைசியில் காற்றும் கடலும் சொல்லி முடிப்பார்கள். இவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். என் தம்பி கல்யாணத்துக்கு அனுப்பிய வாழ்த்துத் தந்தியிலேயே காற்றின் திசை இருந்தது. எங்கள் சித்தப்பா அதைப் படித்துவிட்டுப் பந்தலை இறுக்கிக் கட்டச் சொன்னாராம்.

சுனாமிக்கு முந்தின சாயங்காலம் ஷிஃப்ட் முடிக்கும்போது, வழக்கம்போல 'கடல் அமைதி' என்று அறிக்கை கொடுத்துவிட்டு வந்து படுத்தார். விடிந்தால் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அந்தச் சாயங்காலம் கடல் அமைதியாகத்தான் இருந்தது. யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனாலும் அன்றோடு அந்த வார்த்தையை விட்டுவிட்டார். தட்டில் வைத்த தண்ணீர் மாதிரிக் கடல் கிடந்தாலும், 'அலை குறைவு' என்பார், 'சொல்லும்படி இல்லை' என்பார். அமைதி என்று மட்டும் சொல்ல மாட்டார். நித்யாவைக் கடற்கரைக்கு அனுப்புவதையும் நிறுத்திவிட்டார். பிளஸ் டூ முடித்த கையோடு சென்னைக்குப் படிக்க அனுப்பினோம். நல்ல காலேஜ் என்று ஊருக்குச் சொன்னோம். உண்மையில் அவருக்கு மகளைத் தண்ணீரிலிருந்து தூரத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சென்னையும் கடலோரம்தானே என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெங்களூருக்கு அனுப்பியிருப்பார்.

3

படித்து முடித்து, அங்கேயே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தாள். செய்திகளைப் பூட்டி அனுப்புகிற வேலையாம். அதாவது, நான் எழுதுவது நடுவழியில் யார் கையில் சிக்கினாலும் வெறும் கிறுக்கலாகத் தெரியும். சாவி வைத்திருக்கிறவருக்கு மட்டும்தான் எழுத்தாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிது, யாரைப் பார்த்தாலும் திருடனாகத் தெரிகிற பருவம் அவளுக்கு.

ஒருநாள் பண்ணையில் இருக்கும்போது கூப்பிட்டாள். எங்கள் பண்ணையில் ஒரு பலாமரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். அதுவும் அதிக நேரம் நிற்காது. எனக்கு முன்னால் ஒரு மலையாளி, பின்னால் ஒரு தெலுங்கர் என்று எப்போதும் வரிசை நிற்கும். யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்பது வரிசைக்கே தெரியும்.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். இங்க வேணாம். நம்ம கம்ப்யூட்டர்ல பூட்டு போட்டு சாட் பண்ணுவோம். அப்பாவுக்குத் தெரியக்கூடாது."

"பூட்டா? சாவி?"

"நாலு வார்த்தைம்மா. அதை அனுப்பி விடுறேன்."

"இப்பவே சொல்லிடேன்."

"போன்ல சொல்லக்கூடாது, எழுதக்கூடாது, செய்தி போற வழியிலயே சாவியும் போகக்கூடாது. நேர்ல ஆள்கிட்டதான் குடுத்து விடணும். வாங்கினதும் உடனே வேற சாவி மாத்திக்கணும், புரியுதா?"

புரிந்தது என்றேன். சிக்னல் போய்விட்டது. பின்னால் நின்ற தெலுங்கர் அக்கறையாக, "பூட்டு வேணுமா? பஜார்ல நல்லது கிடைக்கும்" என்றார்.

ஆள்கிட்ட குடுத்து விடுவது என்பது எங்களுக்குப் புதிதில்லை. தீவில் எல்லாமே அப்படித்தான் வரும். மெயின்லேண்டிலிருந்து யாராவது கப்பல் ஏறுகிறார்கள் என்று தெரிந்தால் போதும். சின்ன வெங்காயம், அரைத்த மிளகாய்த்தூள், ஜாதகம், ரவிக்கைத்துணி எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவோம். இந்த முறை ஏறியவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சரோஜா அக்கா. ராமநாதபுரத்துக்காரர். கை சுத்தமானவர். கொடுத்த வெங்காயத்தில் ஒன்றுகூடக் குறையாமல் கொண்டுவந்து சேர்ப்பார். அவர் வாயைப் பற்றி மகளிடம் நான் சொல்லியிருக்க வேண்டும்.

4

கப்பல் ஹேடோ ஜெட்டிக்கு வந்த அன்று, ஷிஃப்ட் முடிந்து நின்ற இவரோடு நானும் போயிருந்தேன். அக்காவுடைய மூட்டைகளைத் தூக்க ஆள் வேண்டும்.

முதலில் இறங்கியது ஒரு தெலுங்குக் குடும்பம். அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை ராகம் போட்டுப் பாடிக்கொண்டு வந்தது. ஒட்டகம், ஊறுகாய், ஏணி, மத்தளம். பின்னால் மூட்டையோடு வந்த பையன்கள் மத்தளம் வருகிற இடத்தில் பெட்டியைத் தட்டினார்கள். கப்பல் சிப்பந்தி ஒருவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே அதையே முணுமுணுத்தார். புதுப் பாட்டு போலிருக்கிறது என்று நானும் தலையாட்டினேன்.

அப்புறம்தான் அக்கா இறங்கினார், முருங்கைக்காய்க் கட்டும் பெருமிதமுமாக.

"வசந்தா, ஒம் மக குடுத்த சாமானப் பத்திரமாக் கொண்டாந்துட்டேன்." என் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னார். அக்காவின் ரகசியம் மேல்தளம் வரை கேட்கும். "ஒட்டகம், ஊறுகாய், ஏணி, மத்தளம். எழுதக்கூடாதுன்னுட்டா. மறந்துபோச்சுன்னா என்னடி பண்றது? அதான் பாட்டாக் கட்டிட்டேன். பக்கத்துப் படுக்கைல பச்சப்புள்ள ஒண்ணு அழுதுக்கிட்டே இருந்துச்சு, அதுக்கும் பாடுனேன். சட்டுனு தூங்கிருச்சு."

"அக்கா, அது ரகசியம்."

"நான் என்ன, எதுக்குன்னு யாருகிட்டயும் மூச்சு விடலயே. பாட்ட மட்டுந்தான் பாடுனேன்." அவருக்கு வருத்தமாகிவிட்டது. "மூணு நாளும் அதே நெனப்பாத்தான் வந்தேன், வாந்திகூட எடுக்கல."

இவர் முருங்கைக்கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "பாட்டு நல்லாருக்கே, எந்தப் படம்?"

"ஏதோ புதுசாம்" என்றேன்.

"ஓ" என்றார். வயர்லெஸ்ஸில் ஒரு தடவை கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்வது அவர் தொழில் என்பது அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

5

மகள் சொன்னபடி அன்றே சாவியை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. புதுச் சாவி மறந்துபோனால் மறுபடி யாரைக் கப்பலேற்றுவது? அதோடு, இந்த நாலு வார்த்தை மண்டையில் அப்படி ஒட்டிக்கொண்டது. பாங்க்கில் ஒரு சாவி கேட்டார்கள், அதையே கொடுத்தேன். பண்ணைக் கம்ப்யூட்டருக்கும் அதையே. சாட்டுக்கும் அதே. ஒட்டகம் எல்லா வாசலிலும் காவல் நின்றது.

சாயங்காலம் வந்து கணினியைத் திறந்து, ஒட்டகத்தையும் மற்றதையும் அடிப்பேன். கிறுக்கல் மறைந்து மகள் வருவாள். எங்கள் இணையம் அப்போது வானத்துக்குப் போய்த் திரும்புகிற இணையம். ஒரு வரி வருவதற்குள் பருப்பு வெந்துவிடும். அப்படி வரி வரியாக வந்து சேர்ந்த விஷயம் இதுதான். அவள் வேலையை விடப் போகிறாள். எங்களுக்குப் பக்கத்து ஹேவ்லாக் தீவில் ஆழ்கடல் நீச்சல் சொல்லித்தருகிற இடத்தில் பயிற்சிக்குச் சேரப் போகிறாள். தானும் கற்று, வருகிறவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும். சீசன் ஆரம்பிக்கும்போது அங்கே இருக்க வேண்டும்.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன். இங்கே எல்லோருடைய பிள்ளைகளும் மெயின்லேண்டுக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா போய், போனில் மட்டும் இருக்கிறார்கள். என்னுடையது திரும்பி வருகிறேன் என்கிறது. அடுப்படியில் நின்றுகொண்டு தனியாக ஒரு சுற்றுச் சுற்றினேன்.

ஆனால் கடைசி வரியில் வைத்திருந்தாள் கொக்கி. "அப்பா வேணாம்னு சொன்னா வரமாட்டேன்மா. அவர் அந்தப் பயத்தோட தினமும் உக்காந்திருக்கிற மாதிரி நான் எதுவும் செய்ய மாட்டேன். நீதான் பாத்துப் பேசணும்."

பார்த்துப் பார்த்து நான் பேசவேயில்லை. மீன் குழம்பு வைத்த அன்று சொல்லலாம் என்று நினைப்பேன். அவர் தட்டில் இருக்கும் மீனையே சந்தேகமாகப் பார்ப்பார், விட்டுவிடுவேன். நடுவில் அவளுடைய தீவுவாசி அட்டையைப் புதுப்பிக்க ரகசியமாக ஓர் அலுவலகத்துக்கு அலைந்தேன். அட்டை இருந்தால்தான் கப்பலில் உள்ளூர்க் கட்டணம். அட்டைக்கு ஆள் நேரில் வர வேண்டும். நேரில் வரக் கப்பல் ஏற வேண்டும். "கப்பலேற அட்டை வேணுமே, சார்" என்றேன். "அட்டைக்குக் கப்பலேறி வரணும், மேடம்" என்றார் அவர், எனக்கு ஏதோ வழிகாட்டிவிட்டதுபோல.

சில நாள் மகளின் செய்தி சம்பந்தமே இல்லாமல் இருக்கும். 'மாத்துக் காத்துக்குழாய் கூடவே இருக்கும்மா, கவலைப்படாதே' என்று வந்திருக்கும். இதை நான் எப்போது கேட்டேன் என்று யோசிப்பேன். வயசாகிறது, கேட்டிருப்பேன், மறந்திருப்பேன். மேலே தள்ளிப் பழையதைப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

6

ஒருநாள் பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக ஏறி, ஒட்டகப் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். தமிழ் தெரியாத பிள்ளைகள் வாயிலும் ஒட்டகம். எனக்கு வியர்த்துவிட்டது. என் மகளின் ரகசியமும் என் பாங்க்குக் கணக்கும் டவுன் பஸ்ஸில் கோரஸாகப் போய்க்கொண்டிருக்கின்றன. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாவியை மாற்றினேன். மாற்றியதை மகளிடம் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டுப் பூட்டை நான் மாற்றுகிறேன், அவளுக்கு என்ன என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

மறுநாள் ஞாயிறு. இவர் டீ குடித்துக்கொண்டிருக்க, நான் திரையைத் திறந்தால் எல்லாம் கிறுக்கல். பூனை படுத்துப் புரண்ட மாதிரி எழுத்துகள். புதுச் செய்தி ஒன்று வந்திருக்கிறது, படிக்க முடியவில்லை. பழையதும் போச்சு. அணைத்துப் போட்டேன், கும்பிட்டேன், ஒயரை ஆட்டினேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவள் முந்தின வாரமே எழுதியிருந்தாள். என்ன கேட்டிருக்கிறாளோ என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

பின்னாலிருந்து இவர் குரல் வந்தது. நிதானமாக, டீயை உறிஞ்சிக்கொண்டே.

"அந்த ஒட்டகத்தையே திருப்பிப் போட்டுப் பாரேன்."

நான் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது. ஒட்டகம், ஊறுகாய், ஏணி, மத்தளம் என்று அடித்தேன். கிறுக்கல் விலகியது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக மேலே தள்ளிப் பார்த்தேன்.

என் பேரில், நான் எழுதாத செய்திகள். நான் பண்ணையில் இருக்கும் நேரத்துச் செய்திகள். எல்லாம் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். ஒன்றை வாய்விட்டுப் படித்தேன். "நித்யா, எவ்வளவு ஆழம் போவீர்கள். காற்றுக் குழாய் பழுதானால் மாற்று ஏற்பாடு என்ன. உடன் யார் இருப்பார். காற்று தென்மேற்கு, மிதமான வேகம்."

இன்னொன்று. "அம்மா எழுதுகிறேன். சாப்பிட்டாயா. பயிற்சியாளர் எத்தனை வருட அனுபவம். மழை வாய்ப்பு உண்டு."

அதற்கும் கீழே ஒன்று இருந்தது. அதைப் படிக்கும்போது என் குரல் இறங்கிவிட்டது. "உன் அப்பாவுக்குப் பயம். வெளியே சொல்ல மாட்டார். நீ கோபப்படாதே. அலை குறைவு."

அதற்கு மகள் உடனே பதில் போட்டிருந்தாள். "கோபமே இல்லம்மா. அப்பா பயந்தா பயப்படட்டும். அவர் பயப்படுறார்னு தெரிஞ்சாதான் நானும் ஒவ்வொரு கருவியா ரெண்டு தடவை பாப்பேன். ஆனா வேணாம்னா வேணாம்னு சொல்லச் சொல்லு."

இவர் கூரையில் பல்லியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இது?" என்றேன்.

"ஜெட்டியிலேர்ந்து. கப்பல் பூரா ஒரே பாட்டுப் பாடுது, எந்த ரேடியோவிலயும் வரல. நம்ம கம்ப்யூட்டர்ல நாலு கட்டம் காலியா இருந்துச்சு, போட்டுப் பாத்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீ மாத்தலயே" என்றார், குற்றம் என்னுடையது என்பதுபோல. குற்றம் என்னுடையதுதான்.

மகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"எனக்கு மொத நாளே தெரியும்மா. நீ என்னைக்குக் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு எழுதியிருக்க?"

"தெரிஞ்சும் ஏன்டி பேசின?"

"அப்பா எங்கிட்ட இவ்வளவு பேசினதே இல்லையே. உன் பேர்ல வந்தாதான் பேசுவார்னா, அப்படியே வரட்டும்னு விட்டுட்டேன்." சிரிப்பு குறைந்து, "பூட்டு போட்டதே அப்பாகிட்டேர்ந்து மறைக்கத்தான். கடைசில அப்பாதான் அதிகமா உள்ள இருந்தார்" என்றாள். "கம்பெனில சொன்னா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. நானே விட்டுடுறது நல்லது."

நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சரோஜா அக்கா, "என்னடி வசந்தா, எனக்கும் சொல்லு" என்றார். இவர் மட்டும் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே, இப்போது தெளிவாகத் தெரிந்த அந்தப் புதுச் செய்தி இருந்தது. "அம்மா, வெள்ளிக்கிழமை கடைசி. அப்பாகிட்ட கேட்டியா? வரவா, வேணாமா?"



7

இவர் எழுந்து வெளியே போனார். எங்கள் குவார்ட்டர்ஸ் மேட்டில் இருக்கிறது. மாமரத்துக்குப் பக்கத்தில் நின்றால் துறைமுகமும் அதற்கப்பால் தண்ணீரும் தெரியும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்து, அவர் பாட்டுக்கு நின்றார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஏதோ கப்பலுக்கு வழி சொல்லப் போகிறவர் மாதிரி, ஒரு பக்கத்தை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் திரும்பினார். போனில் மகள், "அம்மா, அப்பா எங்க?" என்றாள். "கடலைப் பாக்குறார்" என்றேன். "சரி, பாக்கட்டும்" என்றாள்.

வந்தார். என்னை நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். உட்கார்ந்து, ஒற்றை விரலால், பெரிய எழுத்துகளில் அடித்தார். முதலில் 'அப்பா எழுதுகிறேன்' என்று அடித்தார். அடுத்து 'வா' என்று அடித்தார். காற்று வடகிழக்கு, லேசானது என்று அடித்தார். அதற்குமேல் விரல் எழுத்துகளின் மேலே நின்றுகொண்டிருந்தது. நான் அவர் தோளைத் தொடவில்லை. வழக்கம்போல 'அலை குறைவு' என்று முடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

'கடல் அமைதி' என்று அடித்துவிட்டு, அனுப்பினார்.